அழகருக்கு வைத்திருந்த பன்

பானுப்ரியா வேலை பார்க்கிற நூல் மில்லில் சாயங்கால டீயோடு ஒரு பன் கொடுப்பார்கள். பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. மேலே கொஞ்சம் பளபளப்பு, உள்ளே வெறும் மாவு, கடித்தால் எங்கேயோ ஓர் இடத்தில் இனிப்பு தட்டும். மற்றப் பெண்கள் அதை டீயில் முக்கி, நின்ற இடத்திலேயே தின்றுவிட்டு மிஷினுக்கு ஓடுவார்கள். பானுப்ரியா டீயை மட்டும் குடித்துவிட்டு, பன்னைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொள்வாள். அது அவள் புருஷன் அழகருக்கு.

கல்யாணமான புதிதில் ஒருநாள் வயிறு சரியில்லை என்று பன்னைத் தின்னாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். அழகர் அதைத் தின்றுவிட்டு, "ஏ, இது பேக்கரி பன்னு மாதிரி இல்லடி, இதுல என்னமோ இருக்கு" என்றான். அதில் ஒன்றும் இல்லை. பஞ்சுத் தூசி வேண்டுமானால் இருந்திருக்கும். ஆனாலும் அன்று பிடித்த பழக்கம், இரண்டு பிள்ளைகள் பிறந்து, பெரியது ஆறாவது வகுப்புக்குப் போன பிறகும் விடவில்லை. பிள்ளைகளுக்குக்கூட அதில் பங்கு கிடையாது. "அப்பா பன்னு" என்றுதான் அந்த வீட்டில் அதற்குப் பெயர்.

அவர்கள் ஊர் வெள்ளப்பாறைப்பட்டி. எரியோட்டிலிருந்து வடமதுரை போகிற ரோட்டில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வந்துவிடும். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் மில் என்று இருக்கிற ஊர். பானுப்ரியா பத்தாவது முடித்த கையோடு மில் பஸ்ஸில் ஏறியவள். வேடசந்தூர் தாண்டிப் போய், காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஷிப்ட் முழுக்க மிஷினுக்கு மிஷின் நடந்து, அறுந்த நூலை ஒட்டிவிட்டுச் சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவாள். அழகர் குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். முருங்கைக்காய், தக்காளி, எது கிடைத்தாலும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வருவான். வாய் ஓயாதவன். அவளோ நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை பேசுகிறவள்.

அவளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. அழத் தெரியாதவள் என்பார்கள். அவளுடைய அப்பா செத்த அன்று மற்றப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு கதற, இவள் வந்தவர்களுக்கு டீ பத்தாதே என்று பால் வாங்கிவர ஆள் அனுப்பிக்கொண்டிருந்தாள். "இவ நெஞ்சுக்குள்ள கல்ல வச்சுத் தச்சுட்டாகடி" என்று மாமியார் சுந்தரம்மாள் எல்லோரிடமும் சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னால் குத்தாது என்று யார் சொன்னது? மெய்யாகவே தனக்குள் கல்தான் இருக்கிறதோ என்று பானுப்ரியாவுக்கே ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் சாவை யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். மில்லுக்குத் தகவல் வந்தால் சூப்பர்வைசர் மெல்ல வந்து, "வீட்ல யாருக்கோ கொஞ்சம் சீரியஸாம்மா, கெளம்பு" என்பார். தனியாகவும் அனுப்ப மாட்டார்கள். அந்த ஊர்ப் பக்கம் போகிற பெண் ஒருத்தியைத் துணைக்கு ஏற்றிவிடுவார்கள். துணைக்கு வருகிறவளுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வழியெல்லாம் வாயைத் திறக்க மாட்டாள். எரியோட்டு ஜெயமேரியின் அப்பா ஆரோக்கியதாஸ் இறந்தபோது துணைக்குப் போனவள் பானுப்ரியாதான். "உசுரு இருக்குல்ல பானு?" என்று ஜெயமேரி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "இருக்கு, இருக்கு" என்றே வீட்டு வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தாள் இவள். துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வாசலில் போட்டிருந்த பெஞ்சுதான் ஜெயமேரிக்கு உண்மையைச் சொன்னது. அதற்குப் பிறகு இருவரும் பஸ்ஸில் ஒரே சீட்டு.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் பானுப்ரியா கிளம்பும்போது அழகர் வண்டிக்கு அடியில் படுத்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும்தான். ஜாக்கியை ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி வைத்திருந்தான். அது கொஞ்சம் சாய்ந்திருக்கிறதோ என்று அவளுக்குப் பட்டது. சொல்லலாம் என்று நினைப்பதற்குள் தெருமுனையில் பஸ் ஹாரன் கேட்டது.

"பன்னு!" என்று வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஒரு நாளாச்சும் வேற ஏதாச்சும் பேசுறீங்களா மாமா?" என்று கேட்டுக்கொண்டே ஓடிப் பஸ்ஸைப் பிடித்தாள். அவள் போன் டிஸ்ப்ளே உடைந்து வடமதுரையில் ஒரு கடையில் கிடந்தது. அதனால் அன்று பகல் முழுக்க ஊரில் என்ன நடந்ததென்று அவளுக்கு ஒன்றும் தெரியாது.

சாயங்காலம் மில் பஸ் வேடசந்தூர் ஆத்துமேட்டில் திரும்பியது. கரும்பு லாரி ஒன்று குறுக்கே நின்றதால் பஸ் செத்த நேரம் நின்றது. ஜெயமேரி தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா ஜன்னல் வழியே சும்மா பார்த்தாள். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை ஒன்று அங்கே உண்டு. அழகரின் சேக்காளி இளஞ்செழியனுடைய கடை. கடை பூட்டியிருந்தது. பக்கத்துக் கம்பத்தில் புதிதாக ஒரு பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, உச்சியில் கொட்டை எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. நடுவில் ரோஜா மாலைக்குள் அழகர் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஊதாக் கட்டம் போட்ட சட்டை. இடது பக்க மீசை கொஞ்சம் குட்டை. போட்டோ எடுக்கப் போகிற அவசரத்தில் கத்தரித்ததில் அப்படி ஆகிவிட்டது என்று அன்று அவனைத் திட்டியவளே இவள்தான். அந்த முகத்துக்குப் பவுடர் போட்டு விட்டதும் இவள்தான். கீழே பெயர், ஊர், தேதி எல்லாம் இருந்திருக்கும். அவள் வாசிக்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்த பிறகு கீழே பேர் சரியாகப் போட்டிருக்கிறதா என்று எவளாவது வாசிப்பாளா?

லாரி நகர்ந்தது. பஸ்ஸும் நகர்ந்தது.

தலையில் இடி விழுந்தது என்று இந்த மாதிரி பிளக்ஸ்களில் எழுதுவார்கள். இடியும் விழவில்லை, ஒன்றும் விழவில்லை. பஸ் அது பாட்டுக்குப் போயிற்று. முன் சீட்டுப் பெண்ணின் தலையில் இருந்த மஞ்சள் கிளிப்பில் ஒரு பல் உடைந்திருந்தது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. டிரைவருக்கு மேலே தொங்கிய எலுமிச்சம்பழம் ஆடியது. கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. இப்போது எழுந்து கத்த வேண்டும், பஸ்ஸை நிறுத்த வேண்டும், இதெல்லாம் முறை. வாய் திறக்கவில்லை. கை மடியில் கிடந்தது. அது யாருடைய கையோ போலிருந்தது.

முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? காலையில் அரிசி ஊறப் போட்டு வந்தோமே, அதை இனி யார் ஆட்டுவது, புளித்துவிடுமே என்பதுதான். புருஷன் செத்துவிட்டான், இவள் இட்லி மாவைப் பற்றி யோசிக்கிறாள். அந்த நினைப்பை அவள் அதட்டி விரட்டினாள். அது போய் நின்று மறுபடி வந்தது.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாதங்கள் வந்தன. சாய்ந்த செங்கல். அதன் மேல் ஜாக்கி. பார்த்தோம், சொல்லவில்லை. ஒரு வார்த்தை, "மாமா, கல்லு சாயுது" என்று ஒரே வார்த்தை. பஸ்தான் பெரிதென்று ஓடினோம். கடைசியாகப் பார்த்தது முகத்தைக்கூட இல்லை, காலைத்தான்.

பக்கத்தில் இத்தனை பேர் போன் வைத்திருக்கிறார்களே, வாங்கி வீட்டுக்குப் பேசினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் பேசினால் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது, "நீ வாம்மா, ஒண்ணுமில்ல" என்பார்கள். அந்த "ஒண்ணுமில்ல"யைக் கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை.

எரியோடு வந்தது. ஜெயமேரி இறங்க வேண்டிய இடம். தினமும் பஸ் நிற்கும் முன்பே படியில் போய் நிற்கிறவள், அன்று கண்ணைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பிவிட்டது.

துணை. துணைக்கு ஏற்றிவிட்டிருக்கிறார்கள். அன்று இவளுக்கு நாம் வந்த மாதிரி, இன்று நமக்கு இவள்.

"எறங்கலையா?" என்று கேட்டாள். குரல் எப்படியோ வந்துவிட்டது.

"இல்லடி, வடமதுர வரைக்கும் ஒரு சோலி" என்றாள் ஜெயமேரி. "ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஒண்ணுமில்லையே?"

ஒண்ணுமில்லையே. அதே வார்த்தை. இனி என்ன சந்தேகம்? இவளிடம் கேட்டாலும் "உசுரு இருக்கு, இருக்கு" என்றுதான் சொல்லப்போகிறாள். பானுப்ரியா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்குப் பசித்தது.

சாதாரணப் பசி இல்லை. குடலைப் பிடித்து இழுக்கிற பசி. வாயில் எச்சில் ஊறியது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். அடங்கவில்லை. கை தன்னால் பைக்குள் போனது. தாள் தட்டுப்பட்டது. அழகருக்கு வைத்திருந்த பன். இனி அவனுக்கு வேண்டாம் என்று ஒரு நினைப்பு வந்தது, அவள் திகைத்துப் போனாள், ஆனால் அதற்குள் பாதி வாய்க்குள் போயிருந்தது. மென்றாள். விழுங்கினாள். மறுபாதியையும் திணித்துக்கொண்டாள். தாளில் ஒட்டியிருந்த துணுக்கை விரலால் ஒற்றி எடுத்து அதையும் தின்றாள். பன் ருசியாக இருந்தது. அழகருக்கு எடுத்துவைக்க ஆரம்பித்த இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தின்றதே இல்லை. அதற்கு முன்பும் டீயில் முக்கி விழுங்கிவிட்டு ஓடியவள்தான். உள்ளே அங்கங்கே செர்ரிப்பழத் துண்டு இருப்பதே அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பசியாடி?" என்றாள் ஜெயமேரி. பானுப்ரியா தலையை ஆட்டினாள். எல்லாம் தெரிந்த இவள் கண் முன்னால், புருஷன் செத்துக் கிடக்கிற நேரத்தில், அவனுக்கு வைத்திருந்ததைத் தின்றுவிட்டோமே. செத்துவிடலாம் போலிருந்தது.

வெள்ளப்பாறைப்பட்டி நிறுத்தம் வந்தது. ஜெயமேரியும் கூடவே எழுந்து தோளைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தாள். ஜெயமேரி வழிவிடக் காலை மட்டும் மடக்கிக்கொண்டு, "பாத்துப் போடி" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினாள். பானுப்ரியா ஒரு கணம் படியிலேயே நின்றாள். துணை இல்லையா இவள்? அப்படியானால்? நெஞ்சுக்குள் என்னவோ எழும்பியது. தரையில் கால் வைத்ததும் ஊருக்குள்ளிருந்து கொட்டுச் சத்தம் கேட்டது. சாவு மேளம். எழும்பியது அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கையில் மாலையோடு டீக்கடை கருப்புசாமி எதிரே வந்தார். "வந்துட்டியாம்மா? போ, போ, வெரசாப் போ, எடுக்கப் போறாக" என்றார். அவள் தெருவில்தான் பந்தல் போட்டிருந்தது. தெருவை அடைத்துச் செருப்புகள். மாமியார் சுந்தரம்மாள் ஓடிவந்து இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போயிட்டான்டி, நம்ம பய போயிட்டான்டி" என்று கதறினாள். பானுப்ரியா அவளையும் இழுத்துக்கொண்டே நடந்தாள்.

பந்தலுக்குள்ளிருந்து ஓர் ஆள் வெளியே வந்தான். தலைக்கு மேல் பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிச் சுமந்திருந்ததால் முகம் தெரியவில்லை. கால்தான் தெரிந்தது. காலையில் வண்டிக்கு அடியில் கிடந்த அதே பாதங்கள், அதே கிரீஸ் கறை. பாதங்கள் நடந்து அவள் முன்னால் வந்து நின்றன. நாற்காலிகள் இறங்கின.

"வந்துட்டியா? நம்ம செழியன் போயிட்டான் பானு" என்றான் அழகர். கண் சிவந்திருந்தது.

பானுப்ரியா அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். அவன் "ஏய்" என்பதற்குள் மறுபடி அறைந்தாள். சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "நீதான செத்த? நீதானடா செத்த?" என்று கத்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. அந்தத் தெருவில் யாரும் அவள் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டதும் இல்லை. கொட்டு நின்றுவிட்டது. துக்க வீட்டுக்குள்ளிருந்த பெண்களெல்லாம் வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்கள்.

விஷயம் இதுதான். காலையில் கிணற்றில் மோட்டார் ஏற்றப் போன அதே தெருக்காரன் இளஞ்செழியன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுமேட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முப்பத்தெட்டு வயது. சேக்காளிகள் உடனே பிளக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார்கள். வடமதுரையில் பிளக்ஸ் அடிக்கிற சிவபிரகாஷிடம் போட்டோ அனுப்பக்கூட யாருக்கும் நிதானம் இல்லை. "போன வருச காதுகுத்து பிளக்ஸ்ல இருக்கான்ல, அதுலருந்து எடுத்துக்க" என்றார்கள். அந்தப் பிளக்ஸின் அடியில் சேக்காளிகள் முகமெல்லாம் இரண்டு வரிசையாக இருக்கும். பெயர்கள் நடுவில். இளஞ்செழியன் பெயருக்கு மேலே இருந்தது அவன் முகம். கீழே இருந்தது அழகர் முகம். சிவபிரகாஷ் கீழே இருந்ததை எடுத்துவிட்டான். ஊரில் கட்டியதை உடனே பார்த்துக் கழற்றிவிட்டார்கள். ஆத்துமேட்டில் கட்டியதை மறந்துவிட்டார்கள்.

இது தெரிந்ததும் முதலில் யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். பிறகு இன்னொருவன். பிணத்தை உள்ளே வைத்துக்கொண்டு பந்தலே சிரித்தது. துக்கம் தாங்காத இடத்தில் சிரிப்பு அப்படித்தான் பீறிட்டு வரும், அதைக் குற்றம் சொல்ல முடியாது. "ஆயுசு கெட்டிடி எனக்கு" என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே அழகரும் சிரித்தான். பானுப்ரியா சிரிக்கவில்லை. உள்ளே போனாள். ஐஸ் பெட்டிக்குள் இளஞ்செழியன் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி தீபா உட்கார்ந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல். தீபா இவளை ஏறிட்டு ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பானுப்ரியாவுக்கு விளங்கவில்லை.

எல்லாம் முடிந்து, மயானத்திலிருந்து வந்து, குளித்துவிட்டு அழகர் வாசலில் உட்கார்ந்தான். பழக்கம் யாரை விட்டது? "பன்னு எங்கடி?" என்றான்.

"தின்னுட்டேன்."

"எப்ப?"

"நீங்க செத்தப்பறம்."

அவன் சிரிக்க வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் பன்னைப் பற்றிக் கேட்கவில்லை.

ஊர் விட்டதா? அழகருக்குப் பிளக்ஸு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன பிளக்ஸு, சௌக்கியமா?" என்று மார்க்கெட் வரைக்கும் பரவிவிட்டது. சிவபிரகாஷ் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வீட்டுக்கே வந்து, "மன்னிச்சுக்கங்கண்ணே, ஒங்க பொறந்தநாளைக்கு ஃப்ரீயா ஒரு பிளக்ஸ் அடிச்சுத் தாரேன்" என்றான். மாமியார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மில்லிலும் சிரித்தார்கள். ஜெயமேரி அன்று வடமதுரையில் இருக்கிற அக்கா கிளாரா வீட்டுக்கு அதிரசம் சுடப் போனாளாம். "நீ தின்ன தீனியப் பாத்துட்டு, மில்லு பன்னுக்கு இம்புட்டு ருசியான்னு நெனச்சேன்டி" என்று அவளும் சிரித்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை அல்லவா? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று எல்லோருக்கும் எரிச்சல். ஆத்துமேட்டிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் அவள் தாலியறுத்தவளாகத்தான் வந்தாள். அது எந்தக் கணக்கில் சேரும், யாரிடம் போய் அழுவது? செத்தவன் திரும்பி வந்துவிட்டான் என்பதற்காகப் பட்டது படவில்லை என்று ஆகிவிடுமா? அழகர் ஜாக்கியை எடுத்தால் அவன் வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன்பே ஓடிவந்து நின்றாள். செங்கல்லைக் காலால் எட்டி உதைத்தாள். மில்லில் பன் வந்தால் தொடாமல் தட்டிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஆனால் அவளை உள்ளே அரித்தது பயமில்லை. புருஷன் செத்த சேதி தெரிந்தும் வயிறு பசிக்கிறவள் என்ன பொம்பளை என்பதுதான். மாமியார் சொன்னது சரிதான். உள்ளே இருப்பது கல்தான். இல்லாவிட்டால் அந்தப் பன் அவ்வளவு ருசியாக இருந்திருக்குமா? இதை யாரிடம் சொல்வது? சொன்னால் அதையும் ஒரு கதையாக்கிச் சிரிப்பார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டே நடமாடினாள்.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துத் தீபா ஆள் விட்டு அனுப்பினாள், அக்காவை ஓர் எட்டு வந்து போகச் சொல் என்று. பானுப்ரியா துக்க வீட்டு வாசலில் புருஷனை அடித்து ஊரையே சிரிக்க வைத்தவள் அல்லவா? அதற்குத்தான் கூப்பிடுகிறாள், கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். அன்று மில்லில் டீ வர நேரமாகி, பஸ் ஹாரன் அடிக்கவே, யாரோ பன்னைத் தாளில் சுற்றி அவள் பைக்குள் போட்டுவிட்டிருந்தார்கள். அந்தப் பையோடு பஸ்ஸிலிருந்து நேராகத் தீபா வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. தீபா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"தீபா, அன்னிக்கு நான் செஞ்சது தப்பு. கண்ணு மண்ணு தெரியலடி எனக்கு" என்று பானுப்ரியாவே ஆரம்பித்தாள்.

"அதுக்கில்லக்கா" என்றாள் தீபா. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்குக் காலைல நான் ஒண்ணும் குடிக்கலக்கா. கெணத்துக்குப் போயிட்டு வந்துர்றேன், சேந்து சாப்புடுவோம்னு சொல்லிட்டுப் போனாரு. அப்பறம்தான் எல்லாம் ஆயிப்போச்சு. மத்தியானம் சித்தி வந்து, ஒரு வாய் காப்பி குடிடின்னுச்சு. வேணாம்னேன். மறுபடி வந்துச்சு, வேணாம்னேன்."

பானுப்ரியாவுக்குப் புரிந்தது. துக்க வீட்டில் முதல் தரம் கேட்டதும் வாங்கிக் குடித்துவிட முடியாது. இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாம் தரம் வற்புறுத்தி வாயில் ஊற்றுவார்கள். அதுதான் மரியாதை.

"மூணாந்தடவ சித்தி டம்ளரோட வந்துச்சுக்கா. வாங்கிக்கிருவோம்னு நான் முடிவே பண்ணிட்டேன். அப்பத்தான் நீங்க வெளியில கத்துனீங்க. சித்தி டம்ளர ஜன்னல்ல வச்சுட்டு வாசலுக்கு ஓடிருச்சு. எல்லாரும் ஓடிட்டாக. நான் எட்டி எடுத்துருக்கலாம். ஆனா புருசன் பெட்டிக்குள்ள கெடக்கப்ப, பொண்டாட்டி தானா எந்திரிச்சு டம்ளர எடுத்தான்னா? எனக்கு ஒரே பசிக்கா. அந்தக் காப்பிய விட்டு கண்ண எடுக்க முடியல. ஆறிப்போச்சு, ஈ ஒக்காந்துச்சு, அப்பயும் அதத்தான் பாத்துக்கிட்டுருந்தேன். அவரத் தூக்குறப்ப எல்லாரும் கடைசியா மூஞ்சியப் பாத்துக்கடின்னு கத்துறாக. நான் திரும்பறதுக்குள்ள வெளிய கொண்டுபோயிட்டாக. நான் அவர் மூஞ்சியப் பாக்கலக்கா. காப்பியப் பாத்துக்கிட்டுருந்துட்டேன். பிளக்ஸுலயாச்சும் பாக்கலாம்னா, அதுலயும் அண்ணன் மூஞ்சி."

பானுப்ரியா தொண்டை கிழியக் கத்தியதில், நாலடி தள்ளி ஒருத்திக்குக் கடைசிப் பார்வை போயிருக்கிறது. அவள் தீபாவின் கையைப் பிடித்தாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். வந்தது இதுதான்.

"நான் தின்னேன் தீபா."

"என்னது?"

"பிளக்ஸப் பாத்தேன்ல. மாமா செத்துட்டாருன்னு எனக்கு உறுதியாத் தெரியும். தெரிஞ்சும் பஸ்ஸுல ஒக்காந்து அவருக்கு வச்சிருந்த பன்னத் தின்னேன்."

தீபா நிமிர்ந்தாள். "முழுசாவா?"

"முழுசா. தாள்ல ஒட்டியிருந்ததையும் ஒத்தி எடுத்துத் தின்னேன். ருசியா வேற இருந்துச்சு."

தீபா அவளையே பார்த்தாள். பிறகு ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாக ஆரம்பித்தது, பாதியில் அழுகையாக மாறிவிட்டது. புருஷன் செத்து இத்தனை நாளில் அவள் அழுத முதல் அழுகை. பானுப்ரியாவும் அழுதாள். அழத் தெரியாதவள் என்று ஊர் சொன்ன அந்தப் பானுப்ரியாதான், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள்.

எல்லாம் அடங்கிய பிறகு பானுப்ரியா பையைத் திறந்து தாளைப் பிரித்தாள். தீபா பன்னைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"கதவச் சாத்துக்கா" என்றாள்.

பானுப்ரியா எழுந்து கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள். தீபா பன்னை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை நீட்டினாள்.

"எனக்கு எதுக்குடி? நான்தான் அன்னிக்கே தின்னுட்டேனே. முழுசும் நீ தின்னு."

தீபா தின்றாள். தெருவில் குட்டியானை வந்து நிற்கிற சத்தமும், "பானு வந்துட்டாளா?" என்று அழகர் கேட்பதும் கேட்டது. பானுப்ரியா எழுந்திருக்கவில்லை. தீபா கடைசி வாயை விழுங்கி, தாளில் ஒட்டியிருந்ததை விரலால் ஒற்றி எடுக்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.